அவர் கையால் போட்ட தோட்டா

முனிராஜைக் குளிப்பாட்ட வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில், அவர் பெண்டாட்டி சந்திரம்மா உள்ளறையில் மர பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் துப்பாக்கியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த வீட்டில் பெண்டாட்டி செய்கிற வேலையா இது என்று நாலு பேர் பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? பேசட்டும் என்று விட்டுவிட்டாள். காலையிலிருந்து அழுதாயிற்று. கைக்கு ஒரு வேலை இருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மில்லில் இரவுக் காவல் முடிந்து ஏழு மணிக்கு வந்தவர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒரு டம்ளர் தண்ணி குடு" என்றார். அவள் மொண்டு கொண்டுவருவதற்குள் படியில் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். ஐம்பத்தோரு வயசு. ஒரு நாள் தலைவலி என்று படுத்த மனுஷனில்லை.

துப்பாக்கியைக் கேட்டது சுபேதார் பொன்னப்பா. குடகுக்காரர். சாப்பர்ஸ் பட்டாளத்தில் முனிராஜுக்கு மேலே இருந்தவர். பர்மா சண்டையில் இரண்டு பேரும் ஒரே பள்ளத்தில் நாள்கணக்கில் கிடந்தவர்கள். செய்தி கேட்டதும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சைக்கிளில் வந்துவிட்டார். செத்தவரின் காலைத் தொட்டுவிட்டு நேராக அவளிடம் வந்தார்.

"சந்திரம்மா, எங்க ஊர்ல ஆம்பளை செத்தா ரெண்டு வெடி. ஒண்ணு பின்னாடி ஒண்ணு, ஆகாசத்தைப் பார்த்து. எனக்கும் அப்படிச் செய்வீங்களான்னு முனிராஜ் ஒரு தடவை கேட்டிருக்கான். அவன் கோவியை எடுத்துட்டு வாம்மா. தோட்டா நான் கொண்டாந்திருக்கேன்" என்று கோட்டுப் பையைத் தட்டினார். துப்பாக்கியை அவர் எப்போதும் கோவி என்றுதான் சொல்லுவார்.

"தோட்டா வேணாம் ஐயா. நேத்து டூட்டிக்குப் போறப்போ அவர் போட்டு வச்சது உள்ளேயே இருக்கு."

"அப்போ அதுவே இருக்கட்டும். அவன் கையால போட்டதாச்சே."

சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் கோலாரிலிருந்து வந்த பெரியப்பா பேசிக்கொண்டிருந்தார். முனிராஜின் அப்பாவுக்கு அண்ணன். குடும்பத்தில் மிச்சமிருக்கிற ஒரே பெரிய தலை. செவி மந்தமானவருக்கு மெல்லப் பேச வராது.

"வயசுக்கு வந்த பொண்ணை வச்சிக்கிட்டு ஒத்தைப் பொம்பளை இந்தக் காட்டுல எப்படி இருப்பா? காரியம் முடிஞ்சதும் ஜெயராஜ் சாமான் செட்டோட இங்கேயே வந்துடட்டும். கொள்ளி வைக்கிறவன்தானே வீட்டையும் பார்த்துக்கணும். அந்தத் துப்பாக்கியை நாளைக்கே ஸ்டேஷன்ல குடுத்துடலாம். ஆம்பளை இல்லாத வீட்ல அது எதுக்கு?"

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே செய்யறேன் பெரியப்பா" என்றான் ஜெயராஜ்.

ஜெயராஜ் முனிராஜின் தம்பி. பெரியவர்கள் முன்னால் அவனை மாதிரி அடக்கமான பிள்ளை கிடைக்காது. ரேஸ் கோர்ஸில் அவனைப் பார்க்க வேண்டும்! பெண்டாட்டியின் தாலிக்கொடி வரைக்கும் குதிரைக்குப் போட்டுவிட்டு, அவள் அம்மா வீட்டுக்குப் போன பிறகு, இப்போது சத்திரம், சாவடி என்று கண்ட இடத்தில் தங்கிக்கொண்டிருக்கிறான். ஆறு வருஷமாக இந்த வாசப்படி மிதிக்காதவன். அவன் வந்து தன் அடுப்பங்கரையில் உட்கார்ந்து காப்பி கேட்பதை நினைத்தபோதே சந்திரம்மாவுக்கு வயிறு எரிந்தது. மகனில்லாத குறைக்குக் கொள்ளியை அவன் வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டுக்குள் மட்டும் விட மாட்டாள். லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, மகள் ஜானகியோடு இங்கேயே இருந்துவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். துப்பாக்கி இருக்கிறது, தனக்குச் சுடத் தெரியும், அப்புறம் என்ன?

அவளுக்குச் சுடத் தெரிந்தது ஒரு கதை.

பிரேசர் டவுனைத் தாண்டி, ரயில் பாதைக்கு அப்பால், பட்டாளத்தில் வந்த காசில் முனிராஜ் கட்டிய வீடு அது. பக்கத்து வீடு என்பது கூப்பிட்டால் கேட்காத தூரம். ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு நாள் ராத்திரி, அவர் மில்லுக்குப் போயிருந்தபோது திருடன் வந்தான். பின்கதவின் இடுக்கில் தகட்டை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கியிருந்தான். செப்புத் தவலை, கல்யாணப் பட்டு, எட்டு வயது ஜானகியின் வெள்ளிக் கொலுசு, எல்லாம் போயிற்று. கொலுசைக் குழந்தையின் காலிலிருந்தே கழற்றியிருந்தான். அதுதான் சந்திரம்மாவைப் பிடித்து ஆட்டியது. குழந்தையின் காலைத் தொட்டவன் கழுத்தைத் தொட எவ்வளவு நேரமாகும்? ஒரு மாதம் அவள் கண்ணை மூடவில்லை. சோறு இறங்கவில்லை. "ஒண்ணு நீங்க பகல் டூட்டிக்கு மாத்திக்குங்க, இல்லேன்னா எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுங்க" என்றாள்.

முனிராஜ் சிரித்தார். வாட்ச்மேன் வீட்டுக்கே காவலா என்று மில்லில் கேலி பண்ணுவார்கள் என்றார். பொன்னப்பாதான் அவளுக்காகப் பேசினார். "கேக்கறது நியாயம்தானேப்பா. எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சுடுவாங்க" என்று சொல்லி, லைசென்ஸுக்கு ஆள் பிடித்து, கடைக்கும் இரண்டு பேரையும் அவரே கூட்டிக்கொண்டு போனார்.

கடையில் முனிராஜின் கை முதலில் போனது ஒரு ஒற்றைக்குழலுக்கு. விலை மலிவு. பொன்னப்பா அதை வாங்கி ஓரமாக வைத்தார். "ஒண்ணு தப்பினா என்ன பண்ணுவா? நின்னு தோட்டா மாத்திக்கிட்டு இருப்பாளா? ரெட்டைக்குழல் எடு." கடைக்காரர் இரண்டு எடுத்து வந்தார். ஒன்று சீமையிலிருந்து வந்தது, வழவழவென்று மேலே ஒன்றுமில்லாமல் இருந்தது. இன்னொன்றில் பழைய மாதிரி, சுத்தியல் போல அடிக்கிற இரண்டு குதிரைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வீட்டில் வைப்பதற்குக் குதிரை உள்ளதுதான் நல்லது, அதைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்தால் ஒழிய வெடிக்காது, குழந்தை தொட்டாலும் பயமில்லை என்றார் கடைக்காரர். சந்திரம்மா அதையே கை காட்டினாள். தோளில் வைத்துப் பார்த்தால் கட்டை நீளம். விரல் விசைக்கு எட்டவில்லை. கடைக்காரர் அவள் முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் நாடாவால் அளந்து, பின்கட்டையில் ஒன்றரை அங்குலம் அறுத்துக் கொடுத்தார்.

லைசென்ஸில் இருந்தது அவர் பேர். அளவு அவளுடையது. அதற்கப்புறம் முனிராஜ் அதைத் தோளில் வைத்தால் முழங்கை மடங்கிக்கொண்டு பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ரவிக்கைக்கு அளவெடுத்தது தவிர வேறு எதற்கும் யாரும் அவளை அளந்ததில்லை. அந்த வாரம் முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மைல் தள்ளி இருந்த கைவிட்ட கல்குவாரிக்குப் போனார்கள். மண்ணெண்ணெய் டின்னைப் பாறை மேல் வைத்து முப்பது அடியில் அவளை நிறுத்துவார் முனிராஜ். முதல் நாள் வெடித்த வெடியில் பின்னால் போய் உட்கார்ந்தாள். தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "இறுக்கி அணைச்சிப் பிடி. விட்டுப் பிடிச்சா அது உதைக்கும். கண்ணை மூடாதே, சுட்டப்புறமும் மூடாதே" என்று பட்டாளத்தில் சொல்லுகிற மாதிரியே சொல்லுவார். ஒரு நாளைக்கு நாலு தோட்டா, அதற்கு மேல் கிடையாது. நாலாவது வாரம் டின் கவிழ்ந்தது. எடுத்து வந்து, சிதறிய ரவைகள் போட்ட ஓட்டைகளை எண்ணினார்கள்: முப்பத்தொன்று. முனிராஜ் அவள் முகத்தைப் பார்த்து, "அடிச்சிட்டியேடி" என்றார். பதினைந்து வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அவரே எண்ணெய் காய்ச்சித் தோளில் தேய்த்துவிட்டார்.

வெடித்த தோட்டாக்களின் வெறுங்கூடுகளைக் கீழே விட மாட்டார். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார். பட்டாளத்துப் பழக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். குவாரியில் தோட்டா போடுவதெல்லாம் அவள்தான். வீட்டில் மட்டும் அவர் விடுவதில்லை. "ஈரக் கை பட்டா மருந்து வீணாப் போயிடும். நான் போட்டு வச்சிட்டுப் போறேன். வேணும்னா குதிரையை இழு, அழுத்து. அவ்வளவுதான் உன் வேலை" என்பார். தினமும் சாயங்காலம் சாப்பிட்டுக் கைகழுவித் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியை மடக்கி இரண்டு தோட்டாவையும் போட்டு மூடி, பீரோவுக்குப் பின்னால் வைத்த பிறகுதான் சைக்கிளை எடுப்பார். ஆறு வருஷம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரே ஒரு தடவைதான் அதை ஆள்மேல் நீட்ட வேண்டி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடி மாதம், அடைமழை மத்தியானம். முனிராஜுக்கு அன்று இரண்டு டூட்டி. தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவன் பின்கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தான். சந்திரம்மா ஜானகியைப் பின்னால் தள்ளிவிட்டுத் துப்பாக்கியை எடுத்து இரண்டு குதிரையையும் இழுத்தாள். "இன்னொரு அடி வச்சே, சுட்டுடுவேன்" என்றாள். அவன் நின்றான். முகம் தெரியவில்லை. கொஞ்ச நேரம் குழல்களையே பார்த்தான். பிறகு திரும்பி, கிணற்றடியில் நின்று ஒரு கொய்யாக்காயைப் பறித்துக் கடித்துக்கொண்டு, மழையில் மெல்ல நடந்து போனான்.

அக்கம்பக்கத்தில் சொல்லும்போது அவன் விழுந்தடித்து ஓடினான் என்றுதான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அவன் ஓடியது போல ஆகிவிட்டது. முனிராஜிடம் மட்டும் உள்ளது உள்ளபடி சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குதிரையை இழுத்தியா?"

"இழுத்தேன். விரலும் வச்சிட்டேன். இன்னொரு அடி வச்சிருந்தான்னா அழுத்தியிருப்பேன்."

அவர் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டார். நமக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று மனுஷன் கலங்கிப்போய்விட்டார் என்று நினைத்து, அன்றைக்கு அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அந்தத் துப்பாக்கியைத்தான் இப்போது முந்தானையால் துடைத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். முனிராஜைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டிப் பாடையில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் கொள்ளிச் சட்டியோடு ஈர வேட்டியில் ஜெயராஜ் நின்றான். பொன்னப்பா கை காட்டியதும் மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். அவர் துப்பாக்கியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குதிரை இரண்டையும் இழுத்து, வானத்தைப் பார்த்துத் தூக்கினார். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"அது வெடிக்காது சார்" என்றான் ஜெயராஜ்.

மெல்லத்தான் சொன்னான். வாய் தவறி வந்தது போலிருந்தது. பொன்னப்பா காதில் வாங்காமல் விசையை அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். இரண்டாவதையும் அழுத்தினார். மறுபடி டக். கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கினான்.

பொன்னப்பா துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தார். பித்தளை அடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நகத்தால் வாயிலிருந்த மெழுகை நெம்பினார். உள்ளேயிருந்து மணல் அவர் உள்ளங்கையில் கொட்டியது.

"என்ன ஐயா அது?" என்று சந்திரம்மா கேட்டாள்.

"ஏற்கனவே வெடிச்ச தோட்டாம்மா. அடியில பாரு, ஊசி குத்தின பள்ளம். இப்ப குத்தினது பழைய பள்ளத்துலயே விழுந்திருக்கு. வெறுங்கூட்ல மணலை ரொப்பி மெழுகு வச்சி அடைச்சிருக்கு." அவர் குரல் இறங்கியது. "வேலை சுத்தமா இருக்கு. தெரிஞ்சவன் கை."

குவாரியில் குனிந்து குனிந்து பொறுக்கியவரை அவளுக்குத் தெரியாதா? அவள் சுட்ட தோட்டாவையே மணல் ரொப்பி அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவள் ஜெயராஜின் பக்கம் திரும்பினாள்.

"வெடிக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும், தம்பி?"

"அண்ணன் சொன்னாரு, அண்ணி."

"எப்போ சொன்னாரு?"

"வாங்கின புதுசுல." சட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"இந்த வீட்டுப் பக்கமே வராதவன்கிட்ட அதைத் தேடிப்போய் எதுக்குச் சொன்னாரு?"

அவன் பாடையைப் பார்த்தான். பதில் அங்கிருந்து வரும் என்று நினைத்தானோ என்னவோ. "பயந்துட்டாரு அண்ணி... தெரியாத்தனமா ஏதாவது ஆயிடுமோன்னு..." என்று இழுத்து அதோடு நிறுத்திக்கொண்டான்.

போதும். அதற்கு மேல் அவன் சொல்ல ஒன்றுமில்லை. தகடு விட்டுத் தூக்கினால் அந்தத் தாழ்ப்பாள் எழும்பும் என்று வீடு கட்டும்போது கூட இருந்தவனுக்குத்தான் தெரியும். குழந்தை காலிலிருந்து கொலுசைக் கழற்றியவன் யாரென்று முனிராஜுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார், கட்டை அறுக்க விட்டார், தோளுக்கு எண்ணெய் தேய்த்தார். பிறகு தம்பியிடம் போய், பயப்படாதே, அது வெறும் மணல் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மழையில் அவன் ஏன் மெல்ல நடந்தான் என்பது புரிந்தது. அன்று விரலை வைத்துவிட்டேன் என்று அவள் சொன்ன பிறகாவது மாற்றியிருக்கலாம். வந்தது தம்பியாக இல்லாமல் வேறு எவனாகவோ இருந்திருந்தால்? சின்னப்பெண்ணைப் பின்னால் வைத்துக்கொண்டு டக் டக் என்று அழுத்திக்கொண்டு நின்றிருப்பாள். இதெல்லாம் தெரிந்தும் அடுத்த நாள் சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டு அதே இரண்டைத்தான் போட்டிருக்கிறார். ஆறு வருஷம். இப்படி ஒரு ஏமாற்றுக்கு எதிரியே போதுமே, புருஷன் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நேரமாகுது, தூக்குங்கப்பா" என்றார் பெரியப்பா.

"இருங்க பெரியப்பா. சுபேதார் ஐயா ஆசைப்பட்டது ஆகட்டும்." அவள் பொன்னப்பாவிடம் கை நீட்டினாள். "உங்ககிட்ட இருக்கிற ரெண்டைக் குடுங்க. நான் சுடறேன்."

பொன்னப்பா கோட்டுப் பையிலிருந்து இரண்டு தோட்டாவையும் எடுத்துக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி அடியைப் பார்த்தாள். பள்ளமில்லை. போட்டு மூடி, குதிரைகளை இழுத்து, கட்டையைத் தோளில் அணைத்துக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினாள். தூக்குகிறபோது குழல் இரண்டும் ஜெயராஜைத் தாண்டித்தான் மேலே போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான், அவன் சட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் பாடைக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டான். கூடியிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பெரியப்பாவும் பார்த்தார்.

அவள் வானத்தைப் பார்த்துச் சுட்டாள். ஒன்று பின்னால் ஒன்று. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. கண்ணை மூடவில்லை.

"இந்த வீட்ல யாரும் வந்து இருக்க வேணாம் பெரியப்பா. நானும் என் பொண்ணும் இருந்துக்குவோம். ஐயா என் பேருக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிக் குடுப்பாரு."

"எழுதறேம்மா" என்றார் பொன்னப்பா.

"அப்போ கொள்ளி?" என்றார் பெரியப்பா. முதல் தடவையாக மெல்லப் பேசினார்.

"அவனே வைக்கட்டும். அவர் யாரைக் காப்பாத்தப் பார்த்தாரோ அவங்கதான் வைக்கணும்."

அவளைத் தாண்டிப் போய்ச் சட்டியை எடுக்க ஜெயராஜுக்கு நேரம் பிடித்தது. மேளம் மறுபடி தொடங்கியது. கடைசியாக வாய்க்கரிசி. உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சுற்றி வந்து போட்டார்கள். ஜானகி போட்டுவிட்டு அவர் கன்னத்தைத் தொட்டு அழுதாள். பெண்டாட்டி கடைசியில் போட வேண்டும். சந்திரம்மா முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு மூன்று சுற்று வந்தாள். குனிந்து, மூடிய கையை அவர் வாய்க்கு மேலே கொண்டுபோய், அங்கே ஒரு கணம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவர்கள் போட்டாயிற்று என்றே நினைத்தார்கள். பாடையைத் தூக்கினார்கள்.

மேளச் சத்தம் ரயில் பாதையைத் தாண்டியதும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். ஒருத்தி வந்து, "குளிக்க வா சந்திரம்மா, தண்ணி எடுத்து வச்சிருக்கோம்" என்று கூப்பிட்டாள்.

"தோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். அரிசிப் பானையின் மூடியைத் திறந்தாள். இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த அரிசியை ஒரு மணி கூடச் சிந்தாமல் பானைக்குள் தட்டிவிட்டு, மூடியைத் திரும்ப வைத்தாள்.